ஏலக்காயின் பூஜ்யம்

தரவைப் பரிமாறும் வடிவமான ஜேசானின் ஆறு மதிப்பு வகைகளில் எது அழகு என்று கேட்டால் பலரும் ஆப்ஜெக்டைச் சொல்வார்கள். அடுக்கடுக்காக உள்ளே இறங்கும் அடைப்புக்குறிகளுக்கு ஒரு கம்பீரம் உண்டு, மறுக்கவில்லை. ‘இல்லை’ என்பதையும் ஒரு மதிப்பாக மதித்த நல் (null) வகையைக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு நம்பர்தான். அதிலும் ஒரே ஓர் இடம்: முன்னால் பூஜ்யம் வைத்து வரும் எண்ணை அது வாசலிலேயே நிறுத்திவிடும் இடம்.

ஜேசானை வகுத்த டக்ளஸ் கிராக்ஃபோர்டு தன் தளத்தில் அதன் இலக்கணத்தை ரயில்பாதைப் படங்களாகப் போட்டிருக்கிறார். நம்பரின் படத்தை நிதானமாகப் பாருங்கள். பூஜ்யத்தில் ஏறியவர் புள்ளிக்குப் போகலாம், அடுக்குக்குப் போகலாம், அங்கேயே இறங்கியும் விடலாம். இன்னோர் இலக்கத்துக்கு அங்கிருந்து தண்டவாளம் கிடையாது. 2006இல் முதல் ஆர்எஃப்சி வந்தது, 2013இல் எக்மா தரம் வந்தது, 2017இல் ஆர்எஃப்சி 8259 வந்தது. அந்த இடத்தில் யாரும் கை வைக்கவில்லை.

இதன் அருமை பாலக்காடு, இடுக்கி பக்கத் தமிழ்நாடு-கேரள எல்லையில் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். காபி 0901, தேயிலை 0902, மிளகு 0904, ஏலக்காய் 0908. மலைச் சரக்கின் வகையைக் குறிக்கும் ஹெச்எஸ்என் எண்கள் இப்படிப் பூஜ்யத்தில்தான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வேலந்தாவளம் வழியாகப் போகும் தக்காளியும் 0702. பழைய ஜாவாஸ்கிரிப்ட் வழக்கப்படி முன்பூஜ்யம் இருந்தால் எட்டடிமான எண். அந்தக் கணக்கில் தக்காளி 450 ஆகிவிடும். ஏலக்காயில் எட்டு என்ற இலக்கம் இருப்பதால் அது தப்பித்து 908 ஆகும். ஒரே கணக்கில் இரண்டு சரக்கு, இரண்டு விதமான பிழை, இரண்டும் சத்தமில்லாமல். ஜேசான் அந்தக் குழப்பத்துக்கே இடம் வைக்கவில்லை. மேற்கோள்குறி போட்டு ஸ்ட்ரிங்காக எழுது, இல்லையென்றால் திரும்பிப் போ என்கிறது.

ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்கு முன் வாளையாறு சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில் பில்லைப் படித்தது மனிதக் கண். கையெழுத்து கோணலாக இருந்தாலும் ஏலக்காய் ஏலக்காய்தான். இடுக்கியின் புற்றடியில் ஏலம் எடுத்த மூட்டை போடிமெட்டு இறங்கும் முன்பே இன்று அதன் விவரம் ஜேசானாகப் பார்சர் என்ற படிக்கும் நிரலிடம் போய்விடுகிறது. பார்சருக்குச் சரக்கின் மணம் தெரியாது. வகை ஒன்றுதான் தெரியும்.

அதனால்தான் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இ-இன்வாய்ஸ் படிவத்தை நான் ரசித்துப் படித்தேன். ஹெச்எஸ்என் ஸ்ட்ரிங். மாநிலக் குறியீடும் ஸ்ட்ரிங். கேரளத்தின் 32க்கும் நம் 33க்கும் அது அவசியமில்லை, காஷ்மீரத்தின் 01க்கு அவசியம். அளவும் விலையும் நம்பர். அதற்கு முன் வந்த இ-வே பில்லின் மாதிரியில் ஹெச்எஸ்என் மேற்கோள்குறி இல்லாமல் நம்பராக இருந்தது. கோதுமையின் 1001 அதில் பழுதில்லாமல் உட்காரும். ஏலக்காய் பூஜ்யத்தை உதறிவிட்டுத்தான் நுழைய முடியும். ஆனால் இ-இன்வாய்ஸிலும் ஒரு குறை: சேவையா இல்லையா என்ற கேள்விக்கு ‘ஒய்’, ‘என்’ என்று எழுத்தில் பதில். ட்ரூ, ஃபால்ஸ் இரண்டும் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு?

ஜேசானுக்கு மாற்றான யாமலின் ரசிகர்கள் மேற்கோள்குறியே பாரம் என்பார்கள். யாமல் 1.1இல் நார்வேயின் குறியீடான ‘என்ஓ’ ஃபால்ஸாக மாறிப்போன கதையை அவர்களுக்கு நினைவூட்டினால் போதும். எக்ஸ்எம்எல் பழகியவர்கள் ஸ்கீமாவின் கண்டிப்பைச் சொல்வார்கள். அது நியாயமான வாதம். என்றாலும் அங்கே வகையை அறிய இன்னொரு கோப்பைத் திறக்க வேண்டும். இங்கே எழுத்திலேயே வகை தெரிகிறது. சிஎஸ்வி பற்றிப் பேசவே வேண்டாம். எக்ஸெல்லில் ஒருமுறை திறந்து சேமித்தால் மலை முழுக்கப் பூஜ்யம் இழந்துவிடும்.

இப்போது வருகிற கோப்புகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பிழைச்செய்தி வரக்கூடாது என்பதற்காக எல்லாவற்றுக்கும் மேற்கோள்குறி. 42.5 கிலோவும் ஸ்ட்ரிங், ட்ரூவும் ஸ்ட்ரிங், நல்லும் நான்கு எழுத்து ஸ்ட்ரிங். வகை பிரிக்கத் தெரியாதவர் கையில் ஆறு வகை ஒன்றாகிவிடுகிறது. இன்னொரு பக்கம் 17 இலக்க அடையாள எண்ணை நம்பராக அனுப்புகிறார்கள். 9007199254740992ஐத் தாண்டினால் உலாவியில் கடைசி இலக்கங்களை நம்ப முடியாது என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை போலும்.

சோதனை எளிது. இரண்டைக் கூட்டினால் பொருள் வருமா? இரண்டு மூட்டையின் எடையைக் கூட்டலாம்; அது நம்பர். ஏலக்காயின் குறியீட்டையும் மிளகின் குறியீட்டையும் யாரும் கூட்டப் போவதில்லை, அது ஸ்ட்ரிங். பின்கோடும் அப்படித்தான், பூஜ்யத்தில் தொடங்காவிட்டாலும். இதைப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். கிராக்ஃபோர்டின் படத்தில் அந்த ஒரு தண்டவாளம் ஏன் போடப்படவில்லை என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.