நொடைக்கொடியும் தேக்கிலையும்

பெரும்பாணாற்றுப்படையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி அதை ஐந்திணை உணவுப் பட்டியலாக வாசிக்கும். முல்லையில் தினை, மருதத்தில் வெண்சோறு, நெய்தலில் மீன் என்று கட்டம் போட்டுக் கல்லூரித் தேர்வுக்குப் பத்து மார்க் விடையாக்கிவிடும். இன்னொரு கட்சி சமீபத்தில் கிளம்பியது. அதற்கு இந்தப் பாட்டு பழங்காலத்து ஃபுட் விலாக். உடும்புக்கறியையும் மாவடுவையும் பார்த்ததும் பரவசம் வந்துவிடும். முதல் கட்சியோடு எனக்குப் பெரிய சண்டையில்லை, அது எப்போதோ தூங்கிவிட்டது. இரண்டாவது கட்சியோடுதான் சண்டை. இந்தப் பாட்டில் சாப்பிடுகிறவர்கள் யாரும் ருசி பார்க்கக் கிளம்பியவர்கள் இல்லை. பசித்துப்போய் நடந்தவர்கள்.

ஆற்றுப்படையின் அமைப்பு தெரிந்ததுதான். பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், எதிரில் வரும் வறிய பாணனை நிறுத்தி, நான் போன வழி இது, நீயும் போ என்கிறான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்தப் பாட்டுக்கு 500 அடி. பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், போக வேண்டிய ஊர் காஞ்சி. 1889இல் உ.வே.சா. நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டதால் இன்று என் போனில் இது இருக்கிறது.

நான் ஒரகடத்தில் ஒரு வாகனத் தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதுகிறவன். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கிற இடத்தில் என் வேலை. பாணன் நடந்த வழியில் வரும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் மாமல்லபுரம் பக்கம்தான் என்று சில ஆய்வாளர்கள் சொல்வதை ஏற்றுக்கொண்டால், அந்தப் பாதை எங்கள் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைக்குக் கொஞ்சம் தெற்கே போயிருக்கும். இடம் பக்கம் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. சோறு யார் போடுகிறார்கள், பேர் யாருக்குப் போகிறது என்று இந்தப் பாட்டு என்னைக் கேட்க வைத்தது. அதற்கு முன்னால் இங்கிலாந்து பக்கம் ஒரு எட்டுப் போய்வர வேண்டும்.

ஆன்சைட் வேலையாக அங்கே எட்டு மாதம் இருந்தேன். சனி, ஞாயிறுகளில் நடப்பவர்களோடு சேர்ந்து நடந்தேன். வயலுக்கு நடுவே, ஆட்டுப்பட்டியைத் தாண்டி, பொதுவழி என்று சட்டப்படி உரிமை உள்ள ஒற்றையடிப் பாதைகள். மதியம் ஒரு மணிக்குப் பாதை எப்படியோ ஒரு பப் வாசலில் கொண்டுவிடும். சேறு அப்பின பூட்ஸோடு உள்ளே விடுவார்கள், நாயையும் விடுவார்கள். ஆனால் இரண்டரை மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டால் முடிந்தது, ராஜாவே வந்தாலும் சிப்ஸ் பாக்கெட்தான். எடேல் என்ற ஊரில் ஓல்ட் நாக்ஸ் ஹெட் என்று ஒரு பப். 1965இல் திறந்த, சுமார் 430 கிலோமீட்டர் நீளமுள்ள பென்னைன் வே நடைபாதைக்கு வழக்கமான தொடக்கம் அந்த வாசல்தான். முடிவதும் ஒரு மதுக்கூடத்தில், ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி. பாதைக்கு வழிகாட்டி நூல் எழுதிய ஆல்ஃப்ரட் வெயின்ரைட், முழுத்தூரமும் நடந்து முடிப்பவர்களுக்கு அங்கே ஒரு கிளாஸ் பியர் தன் கணக்கில் கிடைக்கும் என்று சொல்லிவைத்தார். நடந்தவன் நடக்கப்போகிறவனுக்கு வழி சொல்லி, முடிவில் குடிக்கவும் ஏற்பாடு செய்வது! இதைவிட நல்ல ஆற்றுப்படை இங்கிலீஷில் இருக்காது.

அதே பப்களில் 'ப்ளோமன்ஸ் லஞ்ச்' என்று ஒரு தட்டு வரும். உழவன் சாப்பாடு. ரொட்டி, சீஸ், ஊறுகாய், வெங்காயம். ஏர் பிடித்தவன் காலங்காலமாகத் தின்றது என்ற தோரணையில் மெனுவில் இருக்கும். உழவர்கள் ரொட்டியும் சீஸும் தின்றது நிஜம். ஆனால் அந்தப் பேரையும் தட்டையும் நாடு முழுக்கப் பரப்பியது 1950களிலும் 60களிலும் சீஸ், பால் விற்பனையைக் கூட்ட நடந்த விளம்பரம். இயன் மெக்கீவன் கதை எழுதி ரிச்சர்ட் ஐர் இயக்கிய 1983 படத்துக்கே 'தி ப்ளோமன்ஸ் லஞ்ச்' என்று பேர். இறந்தகாலத்தை விற்பனைக்காகத் தயாரிப்பதுதான் படத்தின் விஷயம். உழவன் பேரில் தட்டு, லாபம் வேறு யாருக்கோ. இதை மனதில் வைத்துக்கொண்டு காஞ்சிப் பாதைக்குத் திரும்பலாம்.

உருத்திரங்கண்ணனாருக்குக் காசு கொடுத்துச் சாப்பிடும் கடை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பட்டினப்பாலையும் அவர் பாட்டுத்தான். அதில் காவிரிப்பூம்பட்டினத்தில் பறக்கும் கொடிகளை அடுக்கும்போது கள் விற்கும் வீட்டுக் கொடியும் வருகிறது. அந்த முற்றத்தில் மீனை நறுக்கி, இறைச்சியை அறுத்துப் பொரிக்கிற சத்தம் கேட்கிறது. குடி, சைடு டிஷ், வாசலில் அடையாளம்: முழு பப். 1393இல் இரண்டாம் ரிச்சர்ட் அரசன் மதுக்கடைகள் பலகை மாட்ட வேண்டும் என்று ஆணையிட்டதைப் பெருமையாகச் சொல்லும் இங்கிலாந்துக்காரரிடம் இந்தக் கொடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் கண்ணனார் போடும் சொல் 'நொடை'. விலைக்கு விற்பது. ஆக, விற்பனை அவருக்குத் தெரியும். பெரும்பாணாற்றுப்படையின் வழியில் மட்டும் ஒரு இடத்திலும் பாணன் காசு கொடுப்பதில்லை. மீன் பிடிக்கிற வலைஞர் வீட்டில் அரிசிக்கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கிறது, அதுவும் சும்மாதான். தெரிந்தே விலையை எடுத்திருக்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

எடுத்த இடத்தில் என்ன வைத்தார்? எயினர் குடிசைப் பகுதியை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஈந்தின் ஓலை வேய்ந்த குடிசை, முள்ளம்பன்றி முதுகு மாதிரி. உள்ளே பிள்ளை பெற்றவள் மான்தோலில் குழந்தையோடு படுத்திருக்கிறாள். மற்ற பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பு நிலத்தைக் கிளறி, எறும்பு சேர்த்துவைத்த புல்லரிசியை எடுக்கிறார்கள். எறும்பின் சேமிப்பை எடுத்துத்தான் இந்த வீட்டில் உலை ஏற வேண்டும். தரையில் குழித்த உரலில் குத்தி, ஆழக் கிணற்றிலிருந்து உவர்நீர் கொஞ்சமாக இறைத்து, வாய் உடைந்த பானையை உடைந்த அடுப்பில் ஏற்றுகிறார்கள். வெந்த சோற்றை உப்புக்கண்டத்தோடு தேக்கிலையில் குவித்துத் தருகிறார்கள், சாமிக்குப் படைக்கிற மாதிரி. பாணனுக்கு மட்டுமில்லை, கூட வந்த சுற்றம் முழுக்க.

வெறும் திணை வருணனை என்றால் பானையின் வாய் உடைந்திருக்க வேண்டியதில்லை. கவிஞர் வறுமையை அளந்து காட்டிவிட்டு, அந்த அளவுக்கு மேல் குவிகிற சோற்றைக் காட்டுகிறார். 'உணவுப் பண்பாடு' என்று ஸ்லைடு போடுகிறவர்கள் புல்லரிசியைச் சிறுதானிய மகிமையில் சேர்த்துக்கொண்டு எறும்பை விட்டுவிடுகிறார்கள். எறும்பை விட்டால் இந்தப் பகுதியில் மிச்சம் ஒன்றும் இல்லை.

இதற்குப் பிறகு வருவதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வசதி ஏறும் வீடுகள். இடையர் வீட்டில் பாலும் தினைச்சோறும், உழவர் வீட்டில் வெண்சோறும் கோழியும், ஆலையில் கரும்புச்சாறு, அந்தணர் வீட்டில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், மிளகு, கறிவேப்பிலை. கடைசியில் காஞ்சி. இளந்திரையன் மெல்லிய நூலாடை உடுத்தி, பளிச்சென்ற பாத்திரங்களைப் பரப்பி, பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி முகம் பார்த்துத் தானே நின்று ஊட்டுகிறான். பாட்டின் உச்சம் என்று சொல்லப்படுகிற இடம். எனக்கு இது பாட்டின் சோர்ந்த இடமாகத்தான் படுகிறது. அரசர்களைப் பற்றி எல்லாரும் சொல்வதைத்தான் இதுவும் சொல்கிறது. ஒரே ஒரு விஷயம் காப்பாற்றுகிறது: அரண்மனைச் சமையல்காரனின் கை. கத்தி பட்டுப்பட்டுத் தழும்பேறிய கை. அரசனைப் பாடும்போதும் கவிஞரின் கண் அடுக்களைப் பக்கம் போய்விட்டு வருகிறது.

பாட்டின் அரசியலும் இங்கேதான். எயிற்றி போட்ட சோறு, வலைஞர் கொடுத்த கள், எல்லாம் சேர்ந்து 'இளந்திரையன் நாடு இப்படிப்பட்டது' என்ற ஒரே வரவில் எழுதப்படுகிறது. அவன் பங்கு இல்லை என்று சொல்லமாட்டேன். சோற்றுக்கு முன்னால் பாட்டு பேசுவது சாலையைப் பற்றி. அவன் நாட்டில் வழிப்பறி கிடையாது, விலங்குகூடத் தீங்கு செய்யாது, களைத்த இடத்தில் இளைப்பாறு, தங்கத் தோன்றும் இடத்தில் தங்கு. உப்பு வண்டிகளும் மிளகு சுமக்கும் கழுதைகளும் போகிற, சுங்கமும் வில்வீரர் காவலும் உள்ள பெருவழி. பாதுகாப்பு அரசனுடையது, ஒப்புக்கொள்வோம். ஆனால் எறும்புப் புற்றைக் கிளறிய கை அவனுடையது இல்லை. ப்ளோமன்ஸ் லஞ்ச் கணக்கேதான். ஒரு வித்தியாசம், கண்ணனார் உழவனை மெனுவில் பேராக மட்டும் விட்டுவிடாமல் உடைந்த பானையையும் எழுதி வைத்துவிட்டார். கணக்கை யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

இங்கே சிறுபாணாற்றுப்படையையும் தொட வேண்டும். நத்தத்தனார் அதில் காட்டும் பாணன் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. பாணன் மனைவி குப்பைக்கீரையை உப்பில்லாமல் அவித்து, அக்கம்பக்கம் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறாள். சங்கப் பாட்டில் பசியைப் பற்றி நான் படித்ததில் அந்தச் சாத்திய கதவுதான் கொடுமையானது. ஆற்றுப்படை திறக்கச் சொல்வது அந்தக் கதவைத்தான்: வெட்கப்படாதே, நானும் அப்படித்தான் இருந்தேன், போ.

நம் காலத்தில் சோறு என்றால் எல்லாரும் ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' கதைக்குப் போவார்கள். 2011இல் வந்த அறம் வரிசைக் கதை. விலை கேட்காமல் பரிமாறும் கெத்தேல் சாகிப், முடிந்தவர்கள் காசு போட ஒரு பெட்டி. நல்ல கதை, சும்மா சொல்லக்கூடாது, இரண்டு தடவை கலங்கியிருக்கிறேன். ஆனால் அது ஒரு அசாதாரண மனிதரின் கதை. சாகிப் பெரியவராக வேண்டுமானால் சுற்றியுள்ள உலகம் சின்னதாக வேண்டும், சொந்த மாமி கணக்குப் பார்த்துச் சோறு போட வேண்டும். கண்ணனாருக்கு அந்த அவசியம் இல்லை. எயிற்றிக்குப் பேர்கூடக் கிடையாது. அவள் மகான் இல்லை, யாரும் அவளைப் பார்த்து அழுவதில்லை. வழியில் வந்தவனுக்குச் சோறு போடுவது இயல்பு என்கிற உலகத்தைப் பாட்டு எழுதுகிறது. கதை, அந்த உலகம் போன பிறகு ஒருத்தரிடம் மிஞ்சியதை எழுதுகிறது. கதையின் குறை என்று இதைச் சொல்லவில்லை. நாம் அதை மட்டுமே கொண்டாடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. மகான் போட்டால்தான் சோறு என்றால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

எங்கள் சாலையில் அந்தச் சௌகரியம் செல்லுபடியாகவில்லை. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு நஞ்சானது. 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி மறித்தார்கள். ஆலை மூடி, அடுத்த ஜனவரியில்தான் திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டறைகளும் தன் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிளே சொல்ல வேண்டி வந்தது. அந்த ராத்திரி நெடுஞ்சாலையில் உட்கார்ந்தவர்களை 'சாலை மறியல்' என்ற செய்தித் தலைப்பில் அடக்கிவிட்டோம். எனக்கு அது சிறுபாணாற்றுப்படையின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த மாதிரி இருந்தது. எங்கள் தட்டில் என்ன விழுகிறது, ஊரே பார் என்று.

முதலீட்டு மாநாட்டுப் பிரசுரங்களில் இந்த வட்டாரம் இளந்திரையன் நாடு போலத்தான் இருக்கும்: நல்ல சாலை, பாதுகாப்பு, திறமையான கைகள். அந்தக் கைகள் எங்கே சாப்பிடுகின்றன என்ற பக்கம் அதில் வராது. அந்தப் பக்கத்தை வேறு ஆட்கள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரகடம் கூட்டுரோட்டில் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டீக்கடையில் நின்றால் போதும். ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன் புதிதாக வந்தவனுக்கு இந்தியில் சொல்வான், எந்த மெஸ்ஸில் இரண்டாம் தடவை சோறு கேட்டால் முறைக்க மாட்டார்கள் என்று. போன வாரம் ஒரு பெண், ஐடி கார்டு கழுத்தில் தொங்க, போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸ விட்டு எறங்கி எடது பக்கம் போயிடாதடி, அது லாரி ஸ்டாண்டு. எதுத்தாப்புல தகரக் கூரை போட்ட அக்கா கடை. நைட் ஷிஃப்ட் முடிச்சு எட்டு மணிக்கு வந்தாலும் இட்லி சூடா இருக்கும். மொத மாசம் கையில காசு இல்லன்னா நோட்டுல எழுதிக்கும். எம் பேரச் சொல்லு. சாம்பார் பத்தலன்னா கேட்டு வாங்கிக்க, ஒண்ணும் சொல்லாது."