முடிவை எதிர்நோக்கிய வாசகர்: ‘பொன்னியின் செல்வன்’ திரைவடிவின் வரவேற்பு பற்றிச் சில கருத்துகள்

கலையாக்கமொன்றினைப் பொதுமக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்னும் வினா எமது விமர்சனத்துறையில் இன்னும் உரிய கவனத்தைப் பெறவில்லை. ஆசிரியனின் வர்க்கச் சார்பு, படைப்பின் உள்ளடக்கம், அது தோன்றிய காலத்து உற்பத்தியுறவுகள் ஆகியன பற்றி நாம் நிறையவே எழுதியுள்ளோம். ஆனால் அப்படைப்பை வாரந்தோறும் காத்திருந்து வாசித்தவரும், அதன் முடிவு கண்டு மகிழ்ந்தவரும் சினந்தவரும் எமது கட்டுரைகளிலே ‘சாதாரண வாசகர்’ என்னும் ஒரு தொடருக்குள் ஒடுங்கிவிடுகின்றனர். கல்கியின் பொன்னியின் செல்வன் திரைவடிவம் பெற்றபோது எழுந்த வாதப்பிரதிவாதங்கள் இக்குறையை எமக்கு உணர்த்தின.

நாவல் 1950 ஒக்டோபர் 29 ஆந் திகதி கல்கி வார இதழில் ஆரம்பமாகி 1954 மே 16 இல் நிறைவெய்தியது. மணிரத்னத்தின் திரைப்படத்தினது இரண்டாவதும் இறுதியானதுமான பாகம் 2023 ஏப்ரல் 28 இல் வெளிவந்தது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 69 ஆண்டுகள். 1958 இல் எம்.ஜி.ஆர். இதனைப் படமாக்க முற்பட்டார். பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற மகேந்திரன் அவருக்காகத் திரைக்கதை எழுதியதும் அம்முயற்சி கைவிடப்பட்டதும் பலரறிந்தவை. கமல்ஹாசனும் முயன்றார். மணிரத்னமும் ஒருமுறை தொடங்கி நிறுத்தி, 2019 இன் இறுதியிலேயே படப்பிடிப்பை ஆரம்பித்தார். பெருந்தொற்று அதனையும் தாமதப்படுத்திற்று. தாத்தா வாசித்து, தாய் வாசித்து, பேரப்பிள்ளை திரையிற் காணக் காத்திருந்த கதை என்று கூறுவது இங்கு உயர்வுநவிற்சியன்று.

முதற்பாகம் 2022 செப்ரெம்பர் 30 இல் வந்தது. இலங்கையில் அம்மாதத்து நிலைமையை வாசகர்க்கு நினைவூட்டுதல் வேண்டும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். எரிபொருள் வாராந்தப் பங்கீட்டில். மின்வெட்டு அன்றாட நிகழ்வு. ஹந்தானை மலையடிவாரத்து விடுதிகளில் ஒருவேளை உணவைக் குறைத்துக்கொண்ட மாணவர்கள் அப்பணத்திலே கண்டிக்குச் சென்று படம் பார்த்து வந்தனர். இதனை ‘மயக்கம்’ என்று கூறிவிடல் எளிது. நாமும் முதலில் அவ்வாறே கூறினோம். ஆனால் திரும்பிவந்த மாணவர்கள் மயக்கத்திலிருக்கவில்லை. நள்ளிரவு தாண்டியும் சண்டையிட்டுக்கொண்டிருந்தனர். அடுத்த ஆண்டு இறுதிப் பாகம் வந்தபோது அச்சண்டை மேலும் முற்றியது. யாரை நீக்கினர், எதனை மாற்றினர், ஏன் மாற்றினர் என்பனவே அவர்களது வினாக்கள். விமர்சனத்தின் வினாக்களும் இவையல்லவா?

எமது முற்போக்கு விமர்சன மரபு கல்கியை நோக்கிய முறைமை தெரிந்ததே. பேராசிரியர் கைலாசபதியின் தமிழ் நாவல் இலக்கியம் (1968) யதார்த்த நாவலை அளவுகோலாகக் கொண்டது. அவ்வளவுகோலின் முன் வரலாற்று வீரகாதைகள் நிற்கவியலாதன. 1954 இல், கல்கியின் தொடர் முற்றுப்பெற்ற அதே ஆண்டில், இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியமை தற்செயலே எனினும் கருதத்தக்கது. ஈழத்து எழுத்து தமிழகச் சஞ்சிகைகளின் நிழலிலிருந்து விடுபடல் வேண்டும் என்பது அவ்வியக்கத்தாரின் நியாயமான கோரிக்கை. 1970 இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அதனால் ஈழத்து வெளியீட்டுத்துறை அடைந்த பயனை மறுப்பதற்கில்லை. எனினும் அன்று தொடர்கதையொன்றின் நடுவே கைவிடப்பட்ட வாசகர் என்ன உணர்ந்தார் என்று நாம் எவரும் கேட்டதில்லை. அவ்வாசகர் பின்தங்கியவர் என்பது எமது முடிபு. அம்முடிபை நாம் பரிசீலித்துப் பார்க்கவில்லை.

தொடர்கதையென்பது வெறும் பிரசுர முறைமையன்று. அது வாசகருக்கும் ஆசிரியருக்குமிடையே ஒருவகை உறவினை உற்பத்தி செய்வது. மூன்றரை ஆண்டுகள் வாரமொன்றுக்குச் சில பக்கங்களாகக் கதையைப் பெறும் வாசகர், இடைப்பட்ட ஆறு நாட்களிலும் அக்கதையைத் தாமே ஆக்கிக்கொண்டிருக்கிறார். ஆகவே முடிவு வரும்போது அது ஆசிரியரின் முடிவாக மட்டும் அவருக்குத் தோன்றுவதில்லை. 1893 இல் ஷெர்லொக் ஹோம்ஸைக் கொன்ற கொனன் டொயில் வாசகரின் சினத்திற்கு ஆளாகிப் பின்னர் அவனை உயிர்ப்பிக்க நேர்ந்தமை இவ்வுறவின் வலிமையைக் காட்டும். கல்கிக்கும் இது நேர்ந்தது. கதை திடீரென முடிந்துவிட்டதென வாசகர்கள் குறைப்பட்டதனாலேயே அவர் நாவலின் இறுதியில் ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்பதற்கு வரிசையாக விடை கூறினார். எனவே 2023 இன் இரசிகர் புதிதாக எதனையுஞ் செய்துவிடவில்லை. 1954 இன் வாசகர் செய்ததையே செய்தனர்.

மேலைநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில் இதற்கு நிகரான நிகழ்வொன்றுண்டு. அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் ஒளிபரப்பிய ‘டெட்வூட்’ 2004 முதல் 2006 வரை மூன்று பருவங்கள் வந்து முடிவின்றி நிறுத்தப்பட்டது. தங்கம் தேடிக் குடியேறியோரின் சட்டமற்ற முகாமொன்றுள் பெருமூலதனம் நுழைவதே அதன் பொருள். மூலதனத்தின் ஆதித்திரட்சியைப் பற்றி இத்துணைத் தெளிவாகப் பேசிய வெகுசனத் தொடர் பிறிதொன்று எமக்குத் தெரியவில்லை. 13 ஆண்டுகளின் பின், 2019 இல், இறுதித் திரைப்படம் வந்தது. சுரங்க அதிபதி ஹேர்ஸ்ற் இப்போது செனற்றராகத் திரும்புகிறான். நிலத்தை விற்க மறுத்தவன் கொல்லப்படுகிறான். முதுமையுற்ற பாத்திரங்களைக் கண்டு இரசிகர் கண்ணீர் விட்டனர். ஆனால் அக்கண்ணீரின் நடுவிலும் நிலமும் கொலையும் யாருடையவை என்பது திரையில் தெளிவாகவே இருந்தது. தாமதமாக வந்த முடிவு கதையின் அரசியலை விட்டுக்கொடுக்கவில்லை.

பொன்னியின் செல்வனில் நடந்தது வேறு. இரசிகரின் முறையீடுகளுள் இரண்டை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

முதலாவது ஆதித்த கரிகாலனின் கொலை. நாவலில் கடம்பூர் மாளிகையின் இருளிலே நிகழும் அக்கொலையைச் செய்தவர் யாரென்பதை ஆசிரியர் திட்டவட்டமாகக் கூறவில்லை. சம்புவரையர் மகள் மணிமேகலை பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள், பெரிய பழுவேட்டரையரும் அவ்வாறே செய்கிறார், வந்தியத்தேவன் சிறைப்படுகிறான். குற்றம் ஒருவரிடம் நிலைபெறாது ஓர் ஆளும் வர்க்கம் முழுவதன்மீதும் பரவி நிற்கிறது. திரைப்படமோ அம்மரணத்தைக் கரிகாலன் – நந்தினி காதலின் இறுதிக் கணமாக ஆக்கிவிடுகின்றது. இரண்டாம் பாகம் அவ்விருவரின் இளமைக் காதலோடு தொடங்குவதும் இதற்காகவே. அரசியற்கொலை காதற்கொலையாயிற்று. மணிமேகலைக்கு இங்கு இடமில்லாது போனமை வியப்பன்று. மறைக்க மர்மமில்லாத இடத்தில் பழியேற்க ஆளெதற்கு?

வரலாறு இதுபற்றி நாவலைவிடவும் வெளிப்படையானது. காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடிக் கோவிற் கல்வெட்டு, இராசராசனின் இரண்டாவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளெனச் சோமன், பஞ்சவன் பிரமாதிராயனான இரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராயனான பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சுட்டி, அவர்களதும் சுற்றத்தாரதும் நிலங்கள் பற்றிப் பேசுவது. பிரமாதிராயர் என்பது அரசு பிராமண அதிகாரிகளுக்கு அளித்த பட்டம். உத்தம சோழன் ஆண்ட பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இவர்களது நிலங்கள் தொடப்படாதிருந்தமை ஏன் என்னும் வினாவிலிருந்தே நீலகண்ட சாத்திரியார் உத்தமன்மீது ஐயங்கொண்டார். நாவலின் தொடக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையிற் செல்லும் வீரநாராயண ஏரி இக்கல்வெட்டிருக்கும் ஊரின் அயலிலேயே உள்ளது. கதை அங்கு தொடங்குவது தற்செயலாயிருக்கலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இரண்டாவது முறையீடு சேந்தன் அமுதன் பற்றியது. எமது மாணவரிடையே மிகுந்த மனத்தாங்கலை உண்டாக்கியது இதுவே. நாவலில், வாய்பேசாத் தாயொருத்தியின் குடிலில் வளர்ந்து, பூத்தொடுத்துக் கோவிலுக்குக் கொடுக்கும் இளைஞனே இறுதியில் சோழ முடியைச் சூடுகிறான். கோடிக்கரையிற் படகோட்டிய பூங்குழலி பட்டத்தரசியாகிறாள். திரைப்படத்தில் சேந்தன் அமுதன் வருகிறான், போகிறான், பூங்குழலி படகோட்டுகிறாள், அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனுக்கே மணிமுடி கிடைக்கிறது. இடையே நாவலில் இல்லாத இராட்டிரகூடப் போரொன்று வேறு. கால அளவு கருதிய சுருக்கமென இதற்குச் சமாதானங் கூறப்பட்டது. போருக்குக் கிடைத்த நிமிடங்கள் பூக்காரனுக்குக் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

ஆயினும் இரசிகரின் பக்கம் நின்று கல்கியைப் போற்றுதலும் எமக்கியலாது. சேந்தன் அமுதன் முடிசூடுவது அவன் பூத்தொடுத்தமையாலன்று; அவன் கண்டராதித்தரின் இரத்தம் என்பது வெளிப்பட்டமையாலேயே. குடிசைக்குள் அரசன் மறைந்திருந்தான் என்பதற்கும் குடிசைக்காரன் அரசனானான் என்பதற்குமுள்ள வேறுபாடு சிறிதன்று. முன்னையது நிலவுடைமையின் பழங்கதை, பின்னையது புரட்சி. கல்கி முன்னையதைக் கூறிப் பின்னையதன் இன்பத்தை வாசகருக்கு அளித்தார். வாசகரும் அவ்வின்பத்தையே நினைவில் வைத்துக்கொண்டு, இரத்தத்தின் கதையை மறந்துவிட்டனர். இம்மறதி எமக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது.

ஏனெனில் அந்நாவல் எழுந்த காலம் அத்தகையது. 1950 சனவரியில் இந்தியா குடியரசாயிற்று. 1951–52 இல் சர்வசன வாக்குரிமையுடன் முதலாவது பொதுத்தேர்தல் நடந்தது. பூத்தொடுப்பவனுக்கும் ஒரு வாக்கு. பொன்னி பாயும் தஞ்சையில் கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய குத்தகையாளரதும் பண்ணையாட்களதும் போராட்டம் முற்றியிருந்தது. 1952 இல் இராஜாஜியின் அரசாங்கமே தஞ்சைக் குத்தகையாளர் – பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொணர நேர்ந்தது. கல்கியோ இராஜாஜியின் நெருங்கிய அன்பர். 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி நீங்கிக் காமராசர் முதலமைச்சரானார். மறுமாதம், முடியைப் பிறனுக்கு விட்டுக்கொடுக்கும் ‘தியாகச் சிகரம்’ முற்றுப்பெற்றது. இதனை நேர்ப்பிரதிபலிப்பாகக் கொள்வது கொச்சை மார்க்சியமாகும். அப்பாகம் அதற்கு முன்னரே திட்டமிடப்பட்டிருக்கும். ஆனால் அதிகாரம் கைமாறும் காலத்தில், குருதி சிந்தாது, நிலவுரிமை அசையாது, தலைகள் மட்டும் மாறும் ஒரு கைமாற்றத்தை நடுத்தர வர்க்கம் விரும்பியது என்பதும், அவ்விருப்பத்தின் வடிவமே சேந்தன் அமுதன் என்பதும் மிகையாகா. ஐந்து பாகங்களிலும் பொன்னி பாய்கிறாள்; நெல் விளைகிறது; நடுகை நட்டவள் எவளும் பெயர் பெறவில்லை.

இவ்விருப்பத்தையே திரைப்படம் வெட்டியெறிந்தது. 1950களில் பூக்காரனுக்கு முடிசூட்டும் பாவனையேனும் ஆளும் கருத்துநிலைக்கு வேண்டியிருந்தது. 2023 இல், பன்மொழிச் சந்தைக்கென ஆக்கப்பட்ட பெருமூலதனப் படத்திற்கு அப்பாவனையும் வேண்டாததாயிற்று. அரசகுடும்பம் தனக்குள் அழுது, தனக்குள் மன்னித்து, தனக்குள் முடியை மாற்றிக்கொள்கிறது. இரசிகர் தம் அதிருப்தியை ‘மூலத்துக்குத் துரோகம்’ என்னும் சொற்களிற் கூறினர். சொற்கள் பொருத்தமற்றன. அதிருப்தி சரியானது.

ஈழத்தவராகிய எமக்கு இன்னொன்றும் உண்டு. நாவலின் இலங்கைப் பகுதிக்காகக் கல்கி ஓவியர் மணியத்துடன் இங்கு வந்து சென்றவர். அருள்மொழிவர்மன் இலங்கைச் சிம்மாசனத்தைப் பிக்குமார் அளிக்கவும் ஏற்காது மறுக்கும் காட்சி தமிழ் வாசகரைப் பெருமிதங் கொள்ளவைப்பது. அதே மனிதன் அரசனானபின் 993 அளவில் அநுராதபுரம் வீழ்ந்தமையும், ஈழத்துக் கிராமங்களின் வருமானம் தஞ்சைப் பெரியகோவிலுக்கு எழுதிவைக்கப்பட்டமையும், பின்னர் சோழர்படை விகாரைகளைக் கொள்ளையிட்டதாகச் சூளவம்சம் கூறுவதும் பெருமிதத்திற்குட்படாதவை. இருபுறத்து இனவாதமும் இக்காலப்பகுதியிலிருந்து தத்தமக்கு வேண்டியதைப் பொறுக்கியெடுத்தன, இன்றும் எடுக்கின்றன. படத்தின் ஈழக் காட்சிகளுட் பல தாய்லாந்தில் எடுக்கப்பட்டமையைக் குறையாகக் கூறியோர் இருந்தனர். எமக்கு அதிற் பெரிய குறை தோன்றவில்லை. கல்கி காட்டிய இலங்கையும் ஏறத்தாழ அத்தகையதே.

வந்தியத்தேவன் பூங்குழலியின் படகேறி ஓரிரவில் இலங்கைக்கு வந்தான். அக்கதை வாராவாரம் வந்துகொண்டிருந்தபோது, 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தொழிலாளர் இதே ஹந்தானையின் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அவர்களுட் பலர் ‘ஒப்பாரிக் கோச்சி’யேறித் தலைமன்னார் வழியாக அக்கடலை எதிர்த்திசையிற் கடந்தனர். எஞ்சியோரின் பேத்தியொருத்தி எம்மிடம் தமிழ் கற்கிறாள். இறுதிப் பாகம் பார்த்துவந்தபின் அவளிடம் கருத்துக் கேட்டோம். போர்க்காட்சிகள் நன்றென்றாள், பாடல்கள் நன்றென்றாள். பூங்குழலி அரசியாவதைப் பார்க்கவே போனதாகவும், கடைசிவரை அவளைப் படகிலேயே விட்டுவிட்டார்கள் என்றும் கூறினாள். நாவலிலும் அவள் அரசியானது கணவனின் பிறப்பால் அல்லவா என்று நாம் வினவினோம். அது தனக்குத் தெரியும் என்றாள். தெரிந்துகொண்டே அந்த வாரம் ஐந்தாம் பாகத்தை மீண்டும் எடுத்துச் சென்றாள்.