கடிவாளம் தளரும் கணம்: சவாரிக் குதிரையும் வீட்டு நாயும்

பெங்களூரின் தெற்கே ஓசூர் சாலையை ஒட்டியுள்ள பொம்மனஹள்ளி, பேகூர், சிங்கசந்திரா வட்டாரத்தில் குதிரை இன்று அன்றாடக் காட்சியன்று. கல்யாண ஊர்வலத்துக்கு அலங்கரித்து நிறுத்தப்படும் வெள்ளைக் குதிரையை விட்டால், குதிரையேற விரும்பும் அப்பகுதிவாசி பெரும்பாலும் நகரத்தின் எல்லையோரப் பயிற்சிப் பள்ளிகளைத் தேடியே செல்கிறார். நாயோ தெருவுக்குத் தெரு இருக்கிறது, அடுக்ககங்களுக்குள்ளும் இருக்கிறது. வார நாள்களில் அலுவலகத்திலும் வார இறுதியில் சேணத்திலும் அமரும் அமெச்சூர் சவாரிக்காரர், அதாவது பந்தயத்துக்கோ படைக்கோ அல்லாமல் விருப்பத்தின்பேரில் கட்டணம் செலுத்திக் குதிரையேறக் கற்பவர், இவ்விரு விலங்குகளோடும் நேர்மாறான உறவு கொண்டிருக்கிறார்: குதிரையிடம் முறையான பயிற்சி உண்டு, நீடித்த பழக்கம் இல்லை, வீட்டு நாயிடம் நீடித்த பழக்கம் உண்டு, முறையான பயிற்சி இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், விலங்கைப் பழக்குவதில் நேர்மை என்று சொல்லத்தக்கது எது என்ற கேள்வி கூர்மை பெறுகிறது. மென்மையா கண்டிப்பா என்ற வழக்கமான விவாதத்தில் அதற்கு விடை இல்லை. பழக்குபவர் செய்யும் பிழைக்கு யார் விலை கொடுக்கிறார் என்று கேட்டால் தெளிவு பிறக்கிறது.

குதிரைப் பயிற்சியின் அடித்தளம் அழுத்தமும் விடுவிப்பும் ஆகும். சவாரிக்காரர் கடிவாள வாரின் வழியாகவோ காலின் வழியாகவோ சிறு அழுத்தம் தருகிறார். வேண்டிய செயலைக் குதிரை செய்தவுடன் அவ்வழுத்தத்தை நீக்குகிறார். அழுத்தம் நீங்குவதே குதிரைக்குக் கிடைக்கும் பரிசு. கற்றல் உளவியலில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர்; ‘எதிர்மறை’ என்ற சொல் இங்கே தீமையைக் குறிக்காமல், விரும்பாத ஒன்றை அகற்றுவதைக் குறிக்கிறது. சவுக்கடி போன்ற தண்டனை செயலுக்குப் பின் வருவது. அழுத்தமோ செயலுக்கு முன் வந்து, செயலோடு முடிவது. இவ்வேறுபாடு மறக்கப்படும் இடத்தில்தான் பயிற்சி கொடுமையாகத் திரிகிறது.

இம்முறை எவ்வளவு நுண்ணியது என்பதைக் குதிரையின் வாயைப் பார்த்தால் அறியலாம். கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத வெற்றிடம் ஒன்று உண்டு. அங்கே எலும்பின்மேல் மெல்லிய ஈறு மட்டுமே போர்த்தியிருக்கிறது. கடிவாளத்தின் இரும்பு நாவின்மேல் படிந்து அவ்விடத்தில்தான் அமர்கிறது. தேர்ந்தவர் மோதிர விரலை மூடினாலே அந்த இரும்பு அசைவது குதிரைக்குத் தெரியும். குதிரை வேகத்தைக் குறைத்த கணத்தில் விரல் திறந்துவிட வேண்டும். திறந்தால் ஒரு காது பின்னோக்கித் திரும்பும், கழுத்து தாழும், தாடை தளர்ந்து வாய் அசைபோடும். ஓரிரு நொடி தாமதித்தால், தான் செய்த எந்தச் செயலால் இரும்பு தளர்ந்தது என்பதைக் குதிரையால் இனங்காண இயலாது. தளரவே இல்லையெனில், கேட்டதைச் செய்த பிறகும் வலி தொடரும் என்பதையே அது கற்றுக்கொள்ளும்.

சரியான கையில் இம்முறைக்கு உள்ள வலிமையை மறுக்க முடியாது. நானூறு ஐந்நூறு கிலோ எடையுள்ள, அச்சம் வந்தால் ஓடித் தப்புவதையே இயல்பாகக் கொண்ட ஒரு விலங்கின் முதுகில் அமர்ந்திருப்பவர், ஒவ்வோர் அடிக்கும் கேரட் துண்டை நீட்டிக்கொண்டிருக்க முடியாது. சாலையில் லாரியைக் கண்டு மிரளும் குதிரையை நிறுத்தும் குறிப்பு உடனடியாகவும் ஐயமின்றியும் அதற்குப் புரிய வேண்டும். கிரேக்க எழுத்தாளர் செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய குதிரையேற்ற நூலிலேயே, வற்புறுத்திச் செய்விப்பதைக் குதிரை புரிந்துகொண்டு செய்வதில்லை என்ற கருத்து இடம்பெற்றுவிட்டது. ஆயினும் மென்மைக்கு முன்னோடி என்று போற்றப்படும் அதே செனபோன், வழவழப்பான கடிவாளம் ஒன்றும் கரடுமுரடான கடிவாளம் ஒன்றும் வைத்திருக்கச் சொல்கிறார் என்பதையும் சேர்த்துப் படிப்பதே முறை. கருநாடக மண்ணிலும் இவ்வறிவு புதிதன்று: கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம், குதிரை செலுத்தும் விளையாட்டுக்கும் நாய்களைக் கொண்டு ஆடும் விளையாட்டுக்கும் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்குகிறது. அதில் வரும் ‘வாஹ்யாலி’ என்ற சொல்லே தமிழில் வையாளி என்று வழங்கி, திருவரங்கத்துப் பெருமாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளும் விழாவின் பெயராக இன்றும் வாழ்கிறது.

குறை தொடங்குவது கற்பவரின் கையில். பள்ளிக் குதிரை என்பது ஒருவருடைய குதிரையன்று. காலையில் ஒருவர், அடுத்த மணியில் இன்னொருவர், மாலையில் பயிற்சிக்கு வரும் சிறுவன் என்று பலருடைய தடுமாற்றங்களை அது ஒரே நாளில் சுமக்கிறது. சமநிலை பழகாதவர் விழாமலிருக்க முதலில் பற்றுவது கடிவாள வாரைத்தான். கைகள் வாரை இழுத்து ‘நில்’ என்று சொல்லும்போதே, பயத்தில் இறுகிய கால்கள் விலாவை நெருக்கிப் ‘போ’ என்கின்றன. இந்தியச் சவாரிப் பள்ளிகளில் உள்ள குதிரைகளில் பல, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் இனத்தவை என்பது சிக்கலை மேலும் கூட்டுகிறது. பந்தயக் குதிரை, இறுகிய வாரின்மேல் சாய்ந்து ஓடவே பழகியது. அதனை முறையாக மறுபடியும் பழக்காமல் புதியவரிடம் கொடுத்தால், அவர் நிறுத்துவதற்காக இழுப்பதை அது விரைவதற்கான குறிப்பாகக் கொள்ளும். பின்னர் அக்குதிரைக்கு ‘முரட்டுக் குதிரை’ என்ற பெயரும் வந்து சேரும். எதிரும் புதிருமான குறிப்புகளால் அலைக்கழிக்கப்படும் குதிரை இரண்டில் ஒன்றைச் செய்கிறது: எதிர்க்கிறது, அல்லது மரத்துப்போகிறது. எதிர்ப்பது விற்கப்படுகிறது, வாய் மரத்து, விலா மரத்து, எவர் ஏறினாலும் தலையைத் தொங்கவிட்டு வட்டமிடுவது ‘சாது’ என்று பாராட்டப்படுகிறது. இப்பாராட்டு வருந்தத்தக்கது. ஈ உட்கார்ந்தால் தோலைச் சிலிர்க்கும் விலங்கு காலின் உதையை உணராமற்போனது என்றால், அதன் உணர்வு எத்தனை மணி நேரக் கட்டணத்துக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது என்றே கேட்க வேண்டியிருக்கிறது.

கற்பவர் தம் பிழையை அறியாமலே செய்கிறார் என்பது உண்மை. அவர் அறியாததையும் குதிரை அறியும் என்பது அதைவிடப் பெரிய உண்மை. பெர்லினில் கணக்குப் போடும் குதிரை என்று புகழ்பெற்ற ஹான்ஸ், கேள்வி கேட்பவரின் தலை அவரையறியாமல் மிகச் சிறிதளவு அசைவதைக் கண்டே குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் நிறுவினார். நுட்பமான அசைவையே படிக்கும் விலங்கின் வாயில் தடுமாறும் கை, காதருகே கத்துவதற்கு ஒப்பாகும்.

பெங்களூர்க்காரரான ஃபவாத் மிர்சாவின் வாழ்க்கை, இதே முறை நிறைவாகச் செயல்படும்போது என்ன நேரும் என்பதைக் காட்டுகிறது. சீன்யோர் மெடிகாட் என்ற குதிரையுடன் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈவென்டிங் பிரிவில் தனிநபர் வெள்ளி பெற்ற அவர், அதே குதிரையுடன் டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பெற்றார். நடைநயம், வெளியோட்டம், தடைதாண்டல் என்ற மூன்றையும் ஒரே குதிரையும் ஒரே வீரரும் செய்து முடிக்க வேண்டிய அப்போட்டியில், ஆண்டுக்கணக்கான பழக்கமின்றி எதுவும் நடவாது. அதே டோக்கியோவில், 2021 ஆகஸ்ட் 6 அன்று, நவீன ஐந்திறப் போட்டியில் முன்னணியில் இருந்த ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய்க்குக் குலுக்கல் முறையில் செயின்ட் பாய் என்ற குதிரை கிடைத்தது. முன்பின் அறியாத குதிரையோடு பழக அப்போட்டி அளித்த நேரம் 20 நிமிடம். முந்தைய வீராங்கனையிடமே தாண்ட மறுத்திருந்த அக்குதிரை ஷ்லோயிடமும் மறுத்தது. அவர் அழுதபடி சவுக்கை வீச, பயிற்றுநர் குதிரையைக் கைமுட்டியால் குத்தி, போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். 2024 பாரிசுக்குப் பின் ஐந்திறப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே விலக்கப்பட்டது. உலகம் அந்த வீராங்கனையைக் கண்டித்தது. ஆனால் வாரந்தோறும் வெவ்வேறு குதிரையில் ஏற்றப்படும் அமெச்சூர் சவாரிக்காரரின் நிலையும், குலுக்கலில் கிடைத்த குதிரையோடு இருபது நிமிடம் பழகுகிறவரின் நிலைதான். அவரை மிர்சாவின் வழியில் ஒருபடியாவது நகர்த்த, குறைந்தது ஓராண்டுக்கு ஒரே குதிரையை ஒதுக்கித் தருவது பள்ளிகளால் இயலாத காரியமன்று.

பயிற்சி ஒரு மணி நேரம். எஞ்சிய 23 மணி நேரம் லாயத்தில். திறந்த வெளியில் நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிலும் தன் இனத்தோடும் கழிக்கும் விலங்கு, தனிக்கொட்டிலில் வேளைக்கு வேளை தீனி பெற்று நிற்கும்போது வயிற்றுப்புண்ணும், கட்டையைக் கவ்விக் காற்று விழுங்குதல் போன்ற மாறா வழக்கங்களும் தோன்றுகின்றன. பாண்டியர்கள் ஆண்டுதோறும் கடல்வழியே ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கியும், பேணும் அறிவின்மையால் அவை விரைவில் மடிந்தன என்று மார்க்கோ போலோ எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது. இன்றைய லாயங்களில் அவ்வறிவைத் தாங்குபவர், ‘சைஸ்’ எனப்படும் குதிரை பராமரிப்பாளர். எந்தக் கால் சுடுகிறது, எது தண்ணீர் குடிக்கவில்லை என்பதை முதலில் அறிபவர் அவர். சவாரிக்காரர் இறங்கியதும் வாரை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காருக்குச் செல்லும் வழக்கம், குதிரையை அறியும் வாய்ப்பில் பாதியைத் துறப்பதாகும்.

சட்டத்தின் துணையும் ஓரளவுக்கே. முள் பொருத்திய கடிவாளத்தை 1965ஆம் ஆண்டு விதிகள் தடைசெய்துள்ளன. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டமோ முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரையே அபராதம் விதிக்கிறது. முள்ளில்லாத கடிவாளத்தை முள்ளாக்கும் கையைப் பிடிக்க எந்த விதியும் போதாது. வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் மாணவர் தொடக்கத்தில் மாதக்கணக்கில் நீள்கயிற்றில் ஓடும் குதிரைமேல், வாரும் அங்கவடியும் இன்றி அமரக் கற்கிறார். கயிறு ஆசிரியர் கையில் இருக்க, மாணவரின் தடுமாற்றம் குதிரையின் முதுகோடு நின்று வாயைச் சென்றடையாது. நேர்மையான பயிற்சிக்கு இதைவிடத் தெளிவான வடிவம் இல்லை. கட்டணம் செலுத்திய நான்காம் வாரமே பாய்ந்தோட விரும்பும் மாணவரிடம் இதை வலியுறுத்தும் துணிவு பள்ளிக்கு வேண்டும்.

வீட்டு நாயிடம் வந்தால் குறையின் முகம் மாறுகிறது. இங்கே வன்மையும் உண்டு: 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்து வைத்த ஓநாய்களை ஆராய்ந்து எழுதியதிலிருந்து வளர்ந்த ‘தலைவன்’ கோட்பாடு, நாயை அடக்கித் தரையில் புரட்ட வேண்டும் என்று இன்றும் பல பயிற்றுநர்களை நம்ப வைக்கிறது. அக்கருத்தைப் பரப்பிய நூலை 1970இல் எழுதிய டேவிட் மீச் என்பவரே, காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாயும் தந்தையும் குட்டிகளும் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். எனினும் நகரத்து நாய்க்கு நேரும் பெருங்கேடு வன்மையால் வருவதைவிடப் பயிற்சியற்ற அன்பினால் வருவதே அதிகம் எனத் தோன்றுகிறது. வறண்ட வெளியில் முயலைத் துரத்துவதற்கென வளர்ந்த முதோல், சிப்பிப்பாறை நாய்கள் இரண்டு படுக்கையறை வீட்டில் பிஸ்கட்டும் முத்தமும் பெற்று, ஓட இடமின்றி, எது கூடும் எது கூடாது என்ற எல்லையும் அறியாமல் வளர்கின்றன. குட்டியாக இருந்தபோது கையைக் கடித்ததைக் கண்டு சிரித்த அதே குடும்பம், ஈராண்டுக்குப் பின் விருந்தினரைக் கடித்தவுடன் அதனைக் காப்பகத்தில் விடுகிறது. பரிசளித்துப் பழக்கும் முறை நாய்க்கு மிக உகந்தது; ஆனால் நினைத்தபோதெல்லாம் கொடுக்கும் தின்பண்டம் பரிசாகாது, எந்தச் செயலுக்காகக் கிடைத்தது என்று நாயால் கூற முடியாத தீனி அது. மேலே சொன்ன 1960ஆம் ஆண்டுச் சட்டம், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராதிருப்பதையும் குற்றமாகப் பெயர்சுட்டிச் சேர்த்திருப்பது அறிந்து போற்றத்தக்கது.

நாயை மதித்தல் என்றால் என்ன என்பதற்குப் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு சான்று நிற்கிறது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தபின், கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனிடம் வேண்டுவதைக் கேட்கச் சொல்ல, அவன் கேட்டுப் பெற்றது காளி என்ற வேட்டை நாயை. காளி ஒரு பெரும் பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்தன. அதன் நினைவாக ஆதகூரில் நட்ட கல்லின் மேற்பகுதியில், நாயும் பன்றியும் ஒன்றையொன்று பற்றிய கோலத்தில் செதுக்கப்பட்டுள்ளன. கல்லின் வழிபாட்டுக்கு நிலமும் விடப்பட்டது. தமிழ்நாட்டின் செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல், தலைவன் இறந்தபின் கள்வரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்ற நாயைப் பெயரோடு குறிப்பிடுகிறது. இக்கற்களில் பெயர் பொறித்த நாய்கள் யாவும் வேலை தெரிந்தவை. தம்மிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்பதை ஐயமறக் கற்றவை. அவற்றை நேசித்தவர்களின் அன்பு, பயிற்சியைத் தவிர்க்கும் சாக்காக இருக்கவில்லை.

குதிரையிடம் கற்றது நாயிடம் பயன்படும் இடம் எளிமையானது. பொம்மனஹள்ளியின் குறுகிய தெருவில் மாலையில் வீட்டு நாயை நடத்திச் செல்பவர், முனையில் தெருநாய்கள் எழுவதைக் கண்டதும் தம்மையறியாமல் வாரைச் சுருட்டி இழுக்கிறார். கழுத்துப்பட்டை இறுகியதும் நாய், எதிரே இருப்பது ஆபத்து என்று முடிவு செய்து முன்னே பாய்கிறது. பாய்ந்ததற்கு அதையே திட்டுகிறார். சேணத்தில் விரலைத் திறக்கப் பழகியவர் சற்று முன்னதாகவே தெருவின் மறுபக்கம் திரும்பி, நாய் தம்மை நோக்கி முகத்தைத் திருப்பிய அக்கணத்தில் கையைத் தளர்த்துகிறார். வார் நடுவே வளைந்து தொங்க, இரண்டு பேரும் நடக்கிறார்கள்.