சமமாகப் பிரியும் கடன், சுருங்கிப்போகும் இலக்கு

செஞ்சி வட்டாரத்து ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு வங்கிக் கடன் வந்தால், பெரும்பாலும் முதலில் எழும் பேச்சு, “ஆளுக்குச் சமமா பிரிச்சுக்கலாம்” என்பதுதான். யார் மனமும் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் பல பெண்களின் தொழில் இலக்கு சுருங்குவதும் அங்கேதான்.

குழுவின் அருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1989-ல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி, 1997-ல் மகளிர் திட்டமாக விரிந்த ஏற்பாடு இது. 12 முதல் 20 பேர் வரை சேமிக்கிறார்கள். தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். வங்கிப் படியேறத் தயங்கியவர், குழுவை வழிநடத்தும் ஊக்குநரான பிறகு மேலாளர் எதிரே உட்கார்ந்து கணக்குப் பேசுகிறார். 20 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கிடையாது. அடமானம் வைக்க ஏதுமில்லாதவருக்கு உடன் இருப்பவர்களின் நம்பிக்கையே பிணை. தானே செய்து வெல்வதும், தன்னைப் போன்றவர் வெல்வதைப் பார்ப்பதும் ‘என்னால் முடியும்’ என்ற எண்ணத்தை வளர்க்கும் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதினார். குழுவில் இரண்டுமே கிடைக்கின்றன.

கட்டிப்போடுவதும் அதே குழுதான். ஒருவர் தவணை தவறினால் எல்லோருடைய அடுத்த கடனும் இழுபறியாகும். “குழு பேரு கெடக் கூடாது” என்ற கவலையில், தவணை கட்டுவதே தொழிலின் இலக்காகிவிடுகிறது. தையல் கடை போட நினைப்பவருக்கும் கறவை மாடு ஒன்று போதும் என்பவருக்கும் ஒரே தொகை. கூடுதலாகக் கேட்டால் பேராசைக்காரி, கேட்காவிட்டால் துப்பில்லாதவள். தன் மதிப்பு பிறர் வாயில் இருக்கும்போது, தோற்கவே முடியாத சின்ன இலக்கைத்தான் மனம் தேடும். தவணை நாளுக்காகக் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுபவர்களும் உண்டு. பதிவேட்டில் அதுவும் ஒழுங்கான தவணைதான். இப்படித் தவணையே இலக்காகிவிடுவதுதான் இந்த முறையின் மிகப் பெரிய குறை என்பேன்.

பெரிய இலக்குக்கான வாய்ப்பு இப்போது ஊருக்கே வருகிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டையின் ராஜகிரி மலை ஏற வெளியூர்க்காரர்கள் வருவார்கள். சோறு, தங்குமிடம், கைவேலைப் பொருள் எனத் தேவைகள் வரும். சமமாகப் பிரித்த சிறு தொகையைக் கொண்டு அந்தத் தொழில்களில் இறங்க முடியாது. ஊக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கடனைப் பிரிப்பதற்கு முன், ஒவ்வொருவரும் என்ன தொழில் செய்ய நினைக்கிறார், அதற்கு எவ்வளவு வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். தொகையை அதற்குப் பிறகு பேசுங்கள்.