வில்லின் வயிறு: ஒற்றைக் கட்டை வில் மரபுகள்

வில்லைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதன் பலத்தைத்தான் விசாரிப்பார்கள். எத்தனை பவுண்டு, எவ்வளவு தூரம் போகும் என்பதே கேள்வி. வில் செய்கிறவர் விசாரிப்பது வேறு: என்ன மரம், வயிறு எப்படி இருக்கிறது? இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் முதுகு. எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு. நாணை இழுத்தால் முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. பெரும்பாலான மரங்கள் நீள்வதைத் தாங்கும் அளவுக்கு நசுங்குவதைத் தாங்குவதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த ஒற்றைக் கட்டை வில் மரபுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவற்றின் வேற்றுமையெல்லாம் இந்த ஒரு தொல்லையை அவரவர் சமாளித்த விதத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கொம்பும் தசைநாரும் ஒட்டிச் செய்யும் ஆசியக் கூட்டுவில் தனி உலகம்; அது இங்கே பேச்சில்லை.

ஆங்கிலப் பள்ளியின் புகழ் முழுவதும் யூ மரத்தின் தயவு. அதன் வைரம், அதாவது உட்கட்டை, நசுங்குதலைத் தாங்கும்; வெளிறு, அதாவது புறக்கட்டை, இழுப்பைத் தாங்கும். இரண்டும் சேர்ந்து வரும்படி கட்டையைப் பிளந்து, வெளிறை முதுகாகவும் வைரத்தை வயிறாகவும் விட்டால், ஒட்டு வேலை இல்லாமலே ஒரு கூட்டுவில் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் ஆங்கிலேயர் வில்லைக் குறுகலாகவும், தடித்தும், வயிற்றுப் பக்கம் உருண்டும் செய்ய முடிந்தது. இந்த வடிவத்தை வேறு மரத்தில் அப்படியே செய்தால் அழுத்தம் முழுவதும் வயிற்றின் நடு மேட்டில் போய் விழும். மரம் நசுங்கி மடியும். யூவுக்காகப் பிறந்த வடிவத்தை வில்லுக்கே உரிய வடிவமாக எண்ணியவர்கள் பல நல்ல கட்டைகளை வீணாக்கியிருக்கிறார்கள்.

தரமான யூ இங்கிலாந்திலேயே போதிய அளவு கிடைக்கவில்லை. 1472ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கப்பலில் வரும் சரக்கில் டன்னுக்கு நான்கு வில் கட்டை கொண்டுவந்தாக வேண்டும் என்றது. லண்டனில் வில் செய்வோரும் அம்பு செய்வோரும் தனித்தனித் தொழில் என்று 1371இலேயே பிரிந்துவிட்டார்கள். ஒருவர் இரண்டையும் செய்யக் கூடாது. எட்டாம் ஹென்றியின் ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பல் 1545இல் மூழ்கியது. வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் எழுந்த முதல் நூலான ரோஜர் ஆஸ்கமின் ‘டாக்ஸோஃபிலஸ்’ வெளிவந்ததும் அதே ஆண்டுதான். 1982இல் கப்பலின் உடலைக் கடலடியிலிருந்து தூக்கினார்கள். அந்த அகழாய்வில் முழுசாகக் கிடைத்தவை 137 வில்கள். அவற்றில் பல ஆறடிக்கு மேல். நூறு பவுண்டிலிருந்து 180ஐத் தாண்டியும் அவற்றின் இழுப்பு எடை, அதாவது நாணை முழுக்க இழுக்கத் தேவைப்படும் விசை, இருந்திருக்கும் என்று ஆய்வாளர் கணித்தபோது, அதுவரை வில்லைப் பொழுதுபோக்காக மட்டும் அறிந்திருந்தவர்கள் நம்பத் தயங்கினார்கள்.

அந்தப் பொழுதுபோக்கு வில்லும் ஒரு பள்ளியே. போர்வில் பிடி உட்பட முழு நீளமும் ஒரே வட்டத்தின் வில்லாக வளையும். விக்டோரியா காலத்து இலக்கு எய்வோர் பிடியை விறைப்பாக்கினார்கள். நடுவில் வளையும் வில் எய்த நொடியில் கையை உதைக்கும் என்பது காரணம். அவர்களில் ஒருவரான ஹொரேஸ் ஃபோர்டு 1857இல் செல்ட்டனம் போட்டியில் எடுத்த புள்ளிகள் இந்தப் பள்ளிக்குக் கிடைத்த பெரிய நற்சான்று. இன்றும் பிரிட்டனின் வில்வித்தை அமைப்பான ஆர்ச்சரி ஜிபியின் விதிப்படி, நீள்வில் என்று போட்டிக்குக் கொண்டுவரும் வில்லின் கனம் எந்த இடத்திலும் அதன் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது. வில் நன்றாக எய்கிறதா என்பதை அந்த விதி கேட்பதில்லை. மரபைக் காக்கும் விதி, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கதை வேறு வழியில் போனது. 1911இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் அருகே காட்டிலிருந்து வெளிவந்த யாஹி இனத்தவர் இஷி, சான் ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். ஜூனிப்பர் கட்டையில், முதுகில் மான் தசைநார் ஒட்டிய குட்டை வில் அவருடையது. அவரிடம் பழகிய அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் 1923இல் எழுதிய வேட்டை நூல் ஒரு தலைமுறையையே வில் பக்கம் திருப்பியது. வேடிக்கை என்னவென்றால், போப் தமக்கென்று செய்துகொண்டதும் பிறருக்குச் சொல்லித் தந்ததும் பெரும்பாலும் ஆங்கில பாணி யூ வில்லைத்தான்!

வடிவத்தையே கேள்வி கேட்டவர் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர். அகன்று தட்டையான வில்லில் நசுங்கும் பாரம் வயிறு முழுவதும் பரவும் என்பதைக் கணக்கோடு காட்டினார். கணக்கு கடினமில்லை. அகலத்தை இரட்டித்தால் விறைப்பும் இரட்டிக்கும். விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். கனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அகலமும் மெலிவும் உள்ள வில்லில் வயிறு பிழைத்துக்கொள்ளும்.

தட்டை வில்லுக்கு வாய்த்த மரம் டெக்சஸ், ஓக்லஹோமா பக்கத்து ஓசேஜ் ஆரஞ்சு. மஞ்சள் வைரம், கல் போன்ற உறுதி. இந்தப் பள்ளியின் கண்டிப்பான விதி, முதுகில் ஒரே ஒரு ஆண்டு வளையம் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓட வேண்டும் என்பது. இழுவைக் கத்தியால் மேல் வளையங்களை உரித்துக்கொண்டே வந்து, கணு வருமிடத்தில் அதன் மேட்டைச் சுற்றி மேடாகவே விட்டு, அந்த ஒற்றை வளையத்தைப் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். வளையம் அறுந்த இடத்தில் முதுகு பிளக்கும்.

இத்தனை வாதத்துக்கும் பதில் டென்மார்க்கின் கரிச் சேற்றில் கிடந்தது. 1944இல் ஹோல்மகோர்டில் கிடைத்த எல்ம் மர வில்கள் ஏறக்குறைய 9,000 ஆண்டுப் பழமையானவை. அகன்ற தட்டைக் கைகள், குறுகிய பிடி. யூ கிடைக்காதவன் என்ன செய்வான் என்பதற்குக் கற்கால மனிதனே விடை கண்டிருக்கிறான். 1992இல் முதல் தொகுதி வெளிவந்த ‘டிரடிஷனல் போயர்ஸ் பைபிள்’ வரிசை, ஓக், ஆஷ், எல்ம், ஹிக்கரி எல்லாம் நல்ல வில் மரமே, அகலத்தை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள் என்று பரப்பியது. எனக்கு மிகவும் பிடித்த பள்ளி இது. யூவுக்கு வழியில்லாதவனையும் இது உள்ளே விடுகிறது.

முதுகில் மூங்கில் பட்டை ஒட்டுவதும் இந்தக் காலத்தில் பெருகியது. மூங்கிலின் வலிமை புறத்தில், மரத்தின் வலிமை அகத்தில் என்று புறக்காழும் அகக்காழும் பிரித்த தொல்காப்பிய வாசகருக்கு இதன் நியாயம் உடனே விளங்கும். ஆனால் மூங்கில் அளவுக்கு மீறிய முதுகு. கீழே இருக்கும் மரம் மெத்தனமாக இருந்தால் வயிற்றை அதுவே நசுக்கிவிடும். அதனால் பட்டையை மெலிதாக்கி ஒட்ட வேண்டும்.

வடிவத்தில் இவ்வளவு பிரிந்தவர்கள் டில்லரிங்கில் ஒன்றுகூடுகிறார்கள். செதுக்கிய கட்டையின் இரு கைகளையும் ஒன்றுபோல் வளையப் பழக்கும் வேலை அது. முதலில் ஒரு முனையைத் தரையில் ஊன்றிக் கையால் அழுத்திப் பார்ப்பது. பிறகு தளர்ந்த நீள நாண் பூட்டி, சுவரில் அடித்த தாங்கியில் வைத்து, கப்பி வழியே கயிற்றை இழுத்துக்கொண்டு எதிரே நின்று பார்ப்பது. விறைத்த இடத்தில் பென்சில் குறி. அங்கே மட்டும், வயிற்றுப் பக்கம் மட்டும், அரமோ சுரண்டியோ. முதுகைத் தொடுவதில்லை. ஓரிடம் மட்டும் கீல் போல் மடிந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு அதன் இருபுறமும் சுரண்ட வேண்டும். ஒவ்வொரு சுரண்டலுக்கும் பின் இருபது முப்பது முறை மெல்ல இழுத்துவிட்டால்தான் சுரண்டியதன் பலன் தெரியும். குறித்த எடைக்கு மேல் ஒருபோதும் இழுக்கக் கூடாது; இழுப்பு நீளம் குறைவாக இருந்தாலும் எடை வந்துவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். அவசரக்காரர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

எல்லா வில்லுக்கும் ஒரே வளைவு சரியல்ல. கைகள் முனைவரை ஒரே அகலத்தில் ஓடினால் வளைவு முனைப் பக்கம் அதிகமாகலாம். பிடியிலிருந்தே கூம்பி வந்தால் வட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அம்பு பிடிக்கு மேலே கிளம்புவதால் கீழ்க்கையைச் சற்றே விறைப்பாக விடுவார்கள், அரைக்கால் அங்குலம் கால் அங்குலம் வித்தியாசத்தில்.

இனி தரம். நாணைக் கழற்றிய பிறகும் வில் கொஞ்சம் வளைந்தே நிற்கும். மேலைநாட்டார் ‘செட்’ என்கிறார்கள். நான் கூன் என்பேன். வயிற்றின் இழைகள் நசுங்கி மீளாததன் கணக்கு அது. ஓர் அங்குலத்துக்குள் என்றால் கெட்டிக்கார வேலை, இரண்டு வரை பொறுக்கலாம், மூன்று போனால் அம்பு சோம்பும். அதையும் மீறி நசுங்கினால் வயிற்றில் குறுக்கே மயிரிழைச் சுருக்கங்கள் தோன்றும். அந்த வில்லின் ஆயுள் எண்ணப்படுகிறது. மரத்தில் ஈரம் எட்டு முதல் பத்து சதவீதம் இருப்பது நல்லது. சென்னையின் மழைக்காலக் காற்று இதை எளிதில் தாண்டவைக்கும்; ஹிக்கரி போன்ற ஈரம் குடிக்கும் மரம் அப்போது உடையாது, கூன் விழும்.

வில்லின் வயிற்றில் இழுப்பு எடையையும் எத்தனை அங்குல இழுப்புக்கு அந்த எடை என்பதையும் எழுதிவைப்பது வழக்கம். 28 அங்குலத்துக்கு 50 பவுண்டு என்று பெருமையாக எழுதுகிறவர்கள் கூனை எழுதுவதில்லை. வில் கண்காட்சிகளுக்கு வரும் ஒவ்வொரு வில்லிலும், நூறு அம்பு எய்து நாணைக் கழற்றிய உடனே அளந்த கூனையும் மரத்தின் பெயரையும் எழுதச் சொல்லலாம். உடனே என்பது முக்கியம். இரவு முழுக்க ஓய்வெடுத்த வில், காலையில் அரை அங்குலத்தை மறைத்துவிடும்.