ஒரு தளபதியின் கணக்கேடு

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் தரைப்படையின் கூர்மதி மிக்க தளபதிகளுள் ஒருவராகக் கருதப்படும் எரிக் ஃபான் மான்ஸ்டைன் எழுதிய நினைவுநூல், ‘இழந்த வெற்றிகள்’ என்னும் பெயருடன் 1955 இல் வெளிவந்தது. போர்க்கலை பயில்வோர் அதனை இன்றும் போற்றுகின்றனர். அதிலுள்ள ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கு ஆராய விழைகிறோம். ஆசிரியரின் திறமும் குறையும் அப்பகுதியிலேயே ஒருங்கே புலப்படுகின்றன.

1941-42 பனிக்காலத்தில் இரஷ்ய மண்ணில் ஜெர்மன் தரைப்படை பேரிழப்புக்குள்ளாயிற்று. விமானப்படையில் மிகுதியாயிருந்த ஆட்களைத் தரைப்படைக்கு மாற்றி அவ்விழப்பை ஈடுசெய்யவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. விமானப்படைத் தலைவர் ஹெர்மன் கோரிங் இதற்கு இணங்கவில்லை. தம் ஆட்களைத் தம் அதிகாரத்திலேயே இருத்தி, அவர்களைக்கொண்டு இருபது காலாட்படை டிவிஷன்களுக்கு மேல் அமைத்தார். விமானங்களைப் பழுதுபார்த்தவர்களும், தளங்களைக் காவல்காத்தவர்களும், செய்தித்தொடர்புப் பணியாளர்களுமாக ஏறத்தாழ 2 இலட்சம் பேர் தக்க பயிற்சியின்றிப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். தரைப்போரில் பழகிய அதிகாரிகள் அவர்களிடையே மிகச் சிலரே இருந்தனர். 1942 டிசம்பரில் சிர் ஆற்றங்கரையில் 7, 8 ஆம் டிவிஷன்கள் பெருஞ்சேதமுற்றன. 1943 அக்டோபரில் நெவெல் அருகே 2 ஆம் டிவிஷன் நிலைகுலைந்தது. அடுத்த மாதம் எஞ்சியவை தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டன. 1944 ஜூனில் வித்தெப்ஸ்கில் 4, 6 ஆம் டிவிஷன்கள் அழிந்தன.

இவ்வேற்பாட்டின் மடமையை மான்ஸ்டைன் தயக்கமின்றிச் சாடுகிறார். பத்தாயிரம் பேருடன் இருபதாயிரம் பேரை எதிர்க்க இயலுமா என முதலில் அமர்ந்து எண்ணிப்பார்க்கும் அரசனை ஆண்டவர் தம் உவமையில் காட்டினாரே, அவ்வகை நிதானம் இவரிடம் உண்டு. அதனை மறுப்பது நேர்மையாகாது.

கோரிங்கின் மறுப்புக்கான காரணத்தையும் அவர் பதிவுசெய்கிறார். நாசிக் கொள்கையில் வளர்ந்த தம் வீரர்களை, இன்னும் ஆன்மகுருக்களை வைத்திருக்கும் தரைப்படையிடம் ஒப்படைக்க இயலாது என்றாராம் கோரிங். தரைப்படையில் கத்தோலிக்கக் குருக்களும் புரொட்டஸ்டாண்டுப் போதகர்களும் பணியாற்றினர். விமானப்படையில் அத்தகையோர் எவருமில்லை. வீரர்களுக்கு ஆன்மப்பணி உண்டென 1933 இல் திருப்பீடத்துடன் உடன்படிக்கை செய்த அரசு அதுவே! இறக்கப்போகும் இளைஞனின் அருகில் ஒரு குரு இருப்பதும் அவ்வாட்சிக்கு அச்சமூட்டிற்று. மான்ஸ்டைனோ இதனைக் கோரிங்கின் பிடிவாதத்திற்கு ஒரு சான்றாக மட்டும் கூறிவிட்டு நகர்ந்துவிடுகிறார். வாசகராகிய நாம் அவ்விடத்தில் நின்றே ஆகவேண்டும்.

நின்றால், இன்னொரு வினாவும் எழுகிறது. ஆன்மகுருக்கள் இருந்த தரைப்படை தூயதாக விளங்கிற்றா? 1941 நவம்பர் 20 அன்று, யூதர்மீது இழைக்கப்படும் கொடுந்தண்டனையின் தேவையை வீரர்கள் உணரவேண்டும் என்று 11 ஆம் படைக்கு ஆணை விடுத்தவர் இதே மான்ஸ்டைன். போர்க்குற்றங்களுக்காக 1949 இல் ஹாம்பர்க் நகரில் 18 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, பின்னர் தண்டனை குறைக்கப்பட்டு, 1953 இல் விடுதலையானார். ஈராண்டுகள் கழித்து வெளிவந்த இந்நூல் அவ்வாணையைப் பற்றி வாய்திறக்கவில்லை. பீடமும் திருப்பலியும் உடனிருப்பதால் மட்டும் மனச்சான்று விழித்திருப்பதில்லை என்னும் கசப்பான உண்மையை நாம் ஏற்கவேண்டும்.

பயிற்சியின்றி அனுப்பப்பட்ட அம்மனிதர்களுக்காக நாம் இரங்கலாம். ஆயினும், அவர்கள் அயலார் மண்ணை ஆக்கிரமித்த படையினர் என்பதை மறந்து இரங்குதல் தகாது. அந்த இரக்கமும் அந்த நினைவும் ஒருசேர இந்நூலில் இல்லை. எத்தனை டிவிஷன்கள் வீணாயின என அது துல்லியமாகக் கணக்கிடுகிறது. மடிந்த மனிதர்களுக்கும், அப்படையின் நிழலில் கொல்லப்பட்டோருக்கும் அதன் கணக்கில் இடமில்லை. இழந்தவை வெற்றிகள் மட்டுமே என எண்ணிய ஒருவரின் நூல் இது. அதனைப் படிப்போம், அவர் எண்ணாது விட்டவர்களை நாம் எண்ணிக்கொண்டே படிப்போம்.