வேகம் குறைந்தவரின் ஜூன் 25

ஜூன் 25 நெருங்கினாலே தொலைக்காட்சிகள் அந்த கேட்ச்சைத் தூசி தட்டி எடுத்துவிடும். மிட்விக்கெட் பக்கம் கேப்டன் பின்னோக்கி ஓடுகிறார், பந்து கையில் விழுகிறது, 1983 உலகக் கோப்பையும் கூடவே வந்து சேர்கிறது. பிரமாதமான கேட்ச்தான், மறுப்பாரில்லை. ஆனால் லார்ட்ஸில் அன்று ஆட்டம் முடிந்தது அந்த கேட்ச்சோடு என்று முப்பது வயதுக்காரர்கள்கூட சத்தியம் செய்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எதிரணியின் விக்கெட் கீப்பரும் ஒரு வேகப்பந்து வீச்சாளரும் சேர்ந்து ஏழாவது விக்கெட்டுக்கு ஆட்டத்தை மெல்ல மெல்லத் தங்கள் பக்கம் இழுத்துப் போனார்கள். கைவசம் ஓவர்கள் ஏராளம். 60 ஓவர் ஆட்டம் அது. ஓவருக்கு மூன்று ரன்னுக்குச் சற்று மேல் எடுத்தாலே கோப்பை. அந்த நேரத்தில் கேப்டன் பந்தைக் கொடுத்தது ஒரு மிதவேகக்காரரிடம். 'மித' என்பதே கொஞ்சம் தாராளம். ஓடிவர ஓடிவர வேகம் குறைகிற ஓட்டம் அவருடையது. கிரீஸை எட்டும்போது காலை நடை போகிறவர் மாதிரி இருப்பார்.

அவருக்கு அன்று விக்கெட் விழுந்ததை அதிர்ஷ்டம் என்றும், மட்டையாளரின் அலட்சியம் என்றும் இன்றுவரை எழுதுகிறார்கள். பந்தைப் பாருங்கள் ஐயா! அசுர வேகத்தில் வரும் பந்துக்கு யோசிக்க நேரமில்லை, கை தானாக வேலை செய்துவிடும். இவர் பந்து ஒரு நொடியின் ஏதோ ஒரு துணுக்கை மட்டையாளருக்கு இனாமாகக் கொடுத்தது. அந்தத் துணுக்கில்தான் சந்தேகம் புகுந்தது. ஆடலாமா, விடலாமா? கீப்பர் ஆடப் போனார், மனம் மாறி மட்டையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், பந்து மட்டையில் பட்டு ஸ்டம்பில் விழுந்தது. கூட்டாளி ஸ்லிப்பில் கேட்ச். கடைசி விக்கெட்டும் இவருக்கே, எல்பிடபிள்யூ. ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு பெவிலியனுக்கு அவர் ஓடிய ஓட்டம், பந்துவீச ஓடிவந்ததைவிட வேகம்!

அன்று ஏழே ஓவர்தான் வீசினார். மட்டை பிடித்தபோதும் 80 பந்துகளுக்கு டொக்கு வைத்து நின்றவர். ஆட்ட நாயகன் விருது அவருக்குத்தான் போனது. விருதுக்குத் தேர்வு செய்தவருக்குத் தெரிந்தது ரசிகர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

வேகத்துக்கும் இந்தத் தேதியில் கணக்கு உண்டு. 1932 ஜூன் 25, இதே லார்ட்ஸில் நம் முதல் டெஸ்ட் தொடங்கியபோது எதிரணியின் தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரின் ஸ்டம்பையும் சிதறடித்தவர் நம் அசல் வேகப்பந்து வீச்சாளர். அவரையும் நான் கும்பிடுகிறேன். ஆனால் கோப்பைக்கு ஆள் கேட்டால் மெதுவானவர் பக்கம்தான் என் ஓட்டு. 2024-இல் பிரிட்ஜ்டவுனில் டி20 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் நடந்தது என்ன? தேதி நாலு நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். சரமாரியாக அடித்துக்கொண்டிருந்தவரை வீழ்த்தியது, ஆஃப் ஸ்டம்புக்கு வெகு வெளியே, வேகத்தைக் குறைத்துப் போட்ட ஒரு பந்து.

இப்போது என் ஜோசியம். 2027 உலகக் கோப்பை தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில். ஆடுகளம் எகிறும், ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் பந்து பறக்கும் என்று சொல்லிச் சொல்லி, 145 கிலோமீட்டருக்குக் குறையாதவர்களாகப் பார்த்து எல்லா அணிகளும் பொறுக்கும். அந்த வேகமே மட்டையின் விளிம்பில் பட்டு பவுண்டரிக்கு ஓடும். அரையிறுதிக்குள் இரண்டு கேப்டன்களாவது கையைப் பிசைவார்கள். நம் தேர்வுக் குழு, ஏழாம் இடத்தில் மட்டை பிடித்து 120-இல் கட்டர் போடுகிற ஒருவரை ஸ்பீடு கன்னைக் காட்டி முதலில் கழற்றிவிடும். யாருக்காவது தொடைத்தசை பிடித்துக்கொள்ளும். மாற்று ஆளாக அவர் விமானம் ஏறுவார். இறுதிப்போட்டியில் பத்து ஓவரும் கேட்கமாட்டார். நடுவில் ஒரு ஏழு ஓவர் கொடுங்கள், போதும்.